ஞாயிற்றுக்கிழமை மிதந்தவர்

வடக்குப்பட்டில் திருமலை தரையை விட்டு எழும்பியது சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகலில். அப்போது அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஊரார் கூட்டுச் சேர்ந்து மாடிகளில் சோலார் தகடுகள் பதித்து, மின்சாரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்த சமயம் அது. மிஞ்சியதை வார நாட்களில் பக்கத்துப் பட்டறைகள் இழுத்துக்கொண்டன. ஞாயிறன்று பட்டறைகளுக்கு விடுமுறை. போக்கிடமில்லாத மின்சாரம் வந்த கம்பியிலேயே திரும்பிப் பாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்ட முடியாமல், லைனின் கடைசி வீட்டில் போய்த் தேங்கியது. அது திருமலையின் வீடு. வோல்டேஜ் ஏறியது, அவரும் ஏறினார்.

அவர் மனைவி எழிலரசி நைலான் கயிற்றால் அவரை மோட்டார் குழாயோடு கட்டிவைத்தாள். அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தெரிந்தால் உற்பத்தி லைனில் நிற்கவிடமாட்டார்கள் என்கிற பயம் அவளைத் தின்றது. மின்சார அலுவலகத்திலிருந்து வந்தவர் அளந்து பார்த்துவிட்டு, ஞாயிறுகளில் தகடுகளை நிறுத்திவிடச் சொன்னார். சோலார் கூட்டமைப்பின் தலைவி ஜாஸ்மின் தகடுகளை நிறுத்தவில்லை. அவள் அப்பா தாவீதுக்கு மூச்சு இயந்திரம் வைத்திருந்தது. தகடுகள் வருவதற்கு முன் லோ வோல்டேஜில் அது திணறிய பகல்களை எழிலரசியும் பார்த்திருந்தாள். அதனால் நிறுத்தும்படி அவளும் கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்ததோடு சரி.

ஆடிக் காற்றில் கயிறு அறுந்தது. திருமலை முருங்கை மரத்துக்கு மேலே போய், பட்டறைகளுக்குப் போகும் உயரழுத்தக் கம்பியை நோக்கி நகர்ந்தார். கையைக் காலை உதறிப் பார்த்தார், பயனில்லை.

"ஜாஸ்மினு, தகடெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லுடி!" என்று எழிலரசி அலறினாள்.

"ஐயோ அக்கா, ஒரேடியா ஆஃப் பண்ணா மேலேர்ந்து வுழுந்துடுவாரு!"

ஜாஸ்மின் செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். "வூட்ல இன்னா கீதோ அத்தப் போடுங்க! கிரைண்டரு, மோட்டரு, அயர்ன் பாக்ஸு. ஒவ்வொரு வூடா போடுங்க!"

முதல் வீட்டில் மோட்டார் இரைந்தது. திருமலை நின்றார். அடுத்த வீட்டில் கிரைண்டர் சுற்றியதும் ஒரு முழம் இறங்கினார். தெரு முழுக்க இரைச்சலான பிறகு முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டார். கால் தரையில் பட்டதும் எழிலரசி அவரை அடித்தாள், பிறகு அழுதாள்.

அது முதல் வடக்குப்பட்டில் மாவு அரைப்பது, தொட்டி நிரப்புவது, துணி துவைப்பது எல்லாம் ஞாயிறு மதியம்தான். ஐப்பசியில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. ஆனாலும் வெயில் நன்றாக அடித்தால் திருமலை ஓராள் உயரம் எழும்புவது நிற்கவில்லை. போகிக்கு முந்தின ஞாயிறு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஏணி இரவல் வாங்கவில்லை. எழிலரசி ஒரு கையை கிரைண்டர் சுவிட்சிலிருந்து எடுக்காமலே அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"அந்த மூலை வுட்டுப்போச்சி, பாருங்க."