ஒன்பது மணி பத்து நிமிடம்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் காலையில் பிடித்த தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. வானம் இன்னும் தெளியவில்லை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றின் மாடியில் பழைய கன்சோல் விளையாட்டு மன்றத்தின் அறை இருந்தது. மன்றச் செயலாளர் கார்த்திகேயன் அங்கே இரண்டு தொலைக்காட்சிகளை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே விளையாட்டை ஒரே நொடியில் தொடங்கியிருந்தார்.

“நாலு நிமிஷம் பேசாம பாருங்கண்ணே,” என்றார்.

விஜயேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மன்றத்தைத் தொடங்கியவரும் அதன் மதிப்பீட்டு விதிகளை எழுதியவரும் அவரே. நில அலுவலகத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். திரைகளில் ஓடியது ‘லான்டர்ன் கோஸ்ட்’ என்னும் பழைய ஜப்பானிய விளையாட்டு. ஒரு சிறு படகு கரையோரமாகச் சென்று, அணைந்துகிடக்கும் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. மொத்தம் பதினொரு துறைமுகங்கள். படகின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஆடுபவரால் இயலாது. கடல் அதைத் தன் போக்கில் கொண்டுசெல்லும்.

நான்காம் நிமிடத்தில் வலப்பக்கத் திரையின் படகு முதல் பாறையைத் தாண்டியது. இடப்பக்கத் திரையின் படகுக்குப் பாறை இன்னும் கண்ணிலேயே படவில்லை.

“எடது பக்கம் உங்க டிஸ்க். ஐரோப்பாவுக்குப் போட்டது, செகண்டுக்கு அம்பது படம். வலது பக்கம் ஜப்பான் டிஸ்க், அறுவது. யாரு ஆடினாலும் உங்களோடது ஆறுல ஒரு பங்கு ஸ்லோதான்.”

“இது தெரிஞ்ச விஷயந்தானே, கார்த்தி.”

“இப்ப தெரியும்லா. அப்ப நம்ம ஊர்ல எந்த டிஸ்க் எங்கேருந்து வந்துச்சின்னு எவன் பாத்தான்? பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில எல்லாம் ஒரே தட்டுல கெடந்துச்சி. மதிப்பீட்டுத் தாள்ல ‘பதிப்பு’ன்னு ஒரு கட்டம் போட்டீங்க. அத ஒழுங்கா நிரப்புனது ரெண்டே பேரு. நீங்க ஒன்னு, நர்மதா அக்கா ஒன்னு.”

அந்தப் பெயர் அந்த அறையில் பன்னிரண்டாண்டாக உச்சரிக்கப்பட்டதில்லை.

மன்றத்தில் ஒரு விளையாட்டைப் பரிந்துரைப்பவர் தாள் ஒன்றை நிரப்பித் தருவார்: பதிப்பு, ஆடி முடித்தேனா, முடித்த நேரம், பத்துக்கு எத்தனை மதிப்பெண், யாருக்கு ஏற்றது, ஏன். நான்காம் விதி கடுமையானது. ஆடி முடிக்காத விளையாட்டுக்கு மதிப்பெண் இட்டவர் மதிப்பிடும் உரிமையை இழப்பார். அவர் எழுதிய தாள்கள் அனைத்தும் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்த விதி ஒரே ஒருமுறைதான் பயன்பட்டிருந்தது.

2013 மார்ச்சில் நர்மதா ‘லான்டர்ன் கோஸ்ட்’டுக்கு எட்டரை மதிப்பெண் இட்டு, அவசரமில்லாத எவருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதியிருந்தார். முடித்த நேரம்: ஒன்பது மணி பத்து நிமிடம். விஜயேந்திரன் அதற்கு நான்கு மதிப்பெண் இட்டிருந்தார். அவர் கணக்கில் ஒரு துறைமுகத்தைக் கடக்க சரியாக ஒரு மணி நேரம் ஆகும். பதினொரு துறைமுகத்துக்குப் பதினொரு மணி நேரம். விரைவுபடுத்த வழியில்லாத விளையாட்டை ஒருவர் ஒன்பது மணி பத்து நிமிடத்தில் முடித்ததாகச் சொன்னால், அவர் முடிக்கவில்லை என்பதே பொருள். அப்படித்தான் அவர் தீர்ப்பு எழுதினார். நர்மதாவின் அறுபத்து மூன்று தாள்களும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போயின.

“பதினொரு மணிய ஆறால வகுத்து அஞ்சால பெருக்குங்க,” என்றார் கார்த்திகேயன்.

விஜயேந்திரன் ஏற்கெனவே பெருக்கியிருந்தார்.

“அலமாக், ஒரு நிமிஷம்கூட பிசகல. அக்கா பொய் சொல்லலண்ணே. உங்க டிவிதான் பொய் சொல்லியிருக்கு.”

ஜொகூர் பாருவில் உள்ள ஒரு கல்லூரி நூலகம் மன்றத்தின் சேகரிப்பை ஏற்றுக்கொள்ள இசைந்திருந்தது. சேகரிப்புடன் ஒரு பரிந்துரை நூலும் போக வேண்டும். பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, அது அச்சுக்குப் போகிறது. அதில் விஜயேந்திரனின் தாள்கள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. நர்மதாவின் பெயர் எங்கும் இல்லை. தீர்ப்பை எழுதியவரே கையொப்பமிட்டு மாற்றினால் ஒழிய அவர் பெயரைச் சேர்க்க முடியாது. அதுவும் விஜயேந்திரன் எழுதிய விதிதான்.

“ஒரு பக்கம் எழுதி சைன் பண்ணுங்கண்ணே, போதும். வேகம் மாறிப்போச்சு, தெரியாம நடந்துச்சின்னு. யாரும் உங்கள ஒன்னும் கேக்க மாட்டாங்க.”

“மொதல்ல ஆடிப் பார்த்துடறேன்,” என்றார் விஜயேந்திரன்.

நர்மதாவின் ஜப்பானிய வட்டு தீர்ப்பு நாளிலிருந்து மன்றத்தின் அலமாரியிலேயே கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்துச்சென்றார். ஞாயிறு முதல் புதன்வரை, காலையில் தேநீர் குடித்ததும் உட்கார்ந்து நாளுக்கு இரண்டு துறைமுகங்கள் ஆடினார். படகு இயல்பாக நகர்ந்தது. ‘நோயாளியின் நடை’ என்று தாம் எழுதிய இடத்தில் இப்போது ஒரு நிதானம் மட்டும் இருந்தது. அந்தத் தொடரைப் பாராட்டி யாரோ கைதட்டியதும் நினைவுக்கு வந்தது.

வியாழனன்று எட்டைத் தாண்டினார். ஒன்பதில் படகு திரும்புகிறது. அதுவரை ஏற்றிய விளக்குகள் எல்லாம் தொலைவில் வரிசையாக எரிகின்றன. ஆடுபவர் கண்டிராத வேறு படகுகள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர்கின்றன. எவரும் நன்றி சொல்வதில்லை, மதிப்பெண் ஏறுவதுமில்லை. நர்மதா தம் தாளில் எழுதியிருந்தார்: ‘எட்டாவது துறைமுகத்துக்குப் பிறகே இது என்ன விளையாட்டு என்று புரிகிறது.’ அந்த வரியின் கீழ் விஜயேந்திரன் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘மழுப்பல்’ என்று குறித்திருந்தார்.

கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் தம் பழைய நினைவட்டையைத் தேடினார். அதைத் தம் சொந்த வட்டுடன் போட்டுப் பார்த்தார். சேமிப்பு ஒன்றே ஒன்று இருந்தது: ஏழாம் துறைமுகம்.

அவர் அதை மறந்திருக்கவில்லை. ஆடி முடித்தேனா என்ற கட்டத்தில் ஆம் என்று குறியிட்டிருந்தார். கூட்டம் நான்கு மணிக்கு என்பதால் அன்று நேரமிருக்கவில்லை. ஏழு துறைமுகங்களும் ஒரே மாதிரி இருந்தன. எஞ்சிய நான்கு வேறு மாதிரி இருக்க நியாயமில்லை என்று அன்று தீர்மானித்தார். பதினொரு மணி நேரம் என்பது அவர் அளந்த நேரம் அல்ல. ஏழை அளந்தார், நான்கைக் கூட்டிக்கொண்டார்.

அன்றிரவே எஞ்சிய துறைமுகங்களையும் ஆடி முடித்து, வெள்ளிக்கிழமை புதிய தீர்ப்பைத் தட்டெழுதினார். ‘இரு பதிப்புகளுக்கும் இடையிலான வேக வேறுபாடு கவனத்திற்கு வராமையால் ஏற்பட்ட பிழை’ என்று அது தொடங்கியது. நர்மதாவின் உரிமை மீட்கப்படுகிறது, தாள்கள் சேர்க்கப்படுகின்றன, விளையாட்டின் மதிப்பெண் எட்டரை என மாற்றப்படுகிறது என்று முடிந்தது. ஒரு பக்கம். பிழையில்லாத பக்கம். கையொப்பம் இடவில்லை, நர்மதாவின் முன் இடுவதே முறை என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை நர்மதாவைத் தேடிக் காஹாங்குக்குக் காரோட்டினார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பாதை நேராகக் கிடந்தது. கடைத்தெருவில் நர்மதாவின் குடும்பத்தாரின் உரக்கடை. தாத்தா காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்து காலூன்றியவர்கள். வாசலில் உர மூட்டைகள், சுவரில் குலை வெட்டும் அரிவாள்கள். கல்லாவில் நர்மதா இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், வயது நாற்பத்திரண்டு.

“வாங்க சார்,” என்றார். “கார்த்தி ஃபோன்ல விஷயத்த சொன்னான். நீங்க வருவீங்கன்னு சொல்லல.”

முன்பு ‘அண்ணே’ என்று அழைத்தவர்.

“கையில கொடுக்கணும்னு தோணுச்சு.”

“இதுக்குப் போயி காஹாங் வரைக்குமா? வாட்ஸாப்ல போட்டிருந்தா போதும்லா. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து.”

விஜயேந்திரன் தாளை நீட்டினார். நர்மதா நின்றபடியே ஒருமுறை படித்தார்; மீண்டும் மேலிருந்து படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க எழுதுனா எப்பவுமே நல்லாத்தான் இருக்கும்.” தாளைக் கல்லாவின் மேல் வைத்தார். “என் பேரு புக்குல வருமா?”

“வரும். அறுபத்து மூணும் வரும்.”

“எட்டரை போட்டிருக்கீங்க. என்ன பாத்துப் பாவப்பட்டா?”

“இல்லம்மா. முழுசா ஆடிட்டுத்தான் போட்டேன்.”

“இப்பவா, அப்பவா?”

விஜயேந்திரன் தெருவில் போன ஒரு லாரியின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார்,” என்றார் நர்மதா. குரல் உயரவில்லை. “உங்க தாள படிச்சேன்ல. ஏழு துறைமுகத்தப் பத்தி வரிவரியா திட்டியிருந்தீங்க. அந்தப் படகு திரும்புறத ஒரு வார்த்த சொல்லல. அதப் பாத்தவங்க யாரும் அதத் திட்டவாவது செய்யாம விடமாட்டாங்க.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லி? அன்னைக்கி காலையில சிங்கப்பூர்ல வேல. எல்லைப் பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு, சாப்பிடாம மீட்டிங்குக்கு வந்தேன். வந்தா போர்டுல கணக்கு. பதினொன்னு பெருக்கல் ஒன்னு. ஏழு பேரு உக்காந்திருக்கீங்க, ஏழும் ஆம்பளைங்க. அக்கா கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாங்க போலன்னு ஒருத்தன் ஜோக் அடிச்சான். நீங்களும் சிரிச்சீங்க. அந்த நேரத்துல நான் எந்திரிச்சி, அண்ணே, நீங்கதான் முடிக்கலன்னு சொன்னா, எவன் நம்புவான்?”

“நான் நம்பியிருக்கணும்.”

“நீங்க என்னத்த நம்புறது, முடிக்கலன்னு உங்களுக்கே தெரியுமே.” அவர் இலேசாகச் சிரித்தார், அதில் பகை இல்லை, அதனால் தாங்குவது எளிதாகவும் இல்லை. “பஸ் புடிச்சிப் போயிட்டேன். அடுத்த வாரமே கன்சோல வித்துட்டேன். அதுக்கப்புறம் எந்த விளையாட்டப் பத்தியும் நாலு வரி எழுதுனதில்ல. எழுத உக்காந்தா, இதுக்கு நேரம் சரியா போட்டோமான்னு கை நின்னுடும்.”

விஜயேந்திரன் அந்த அறுபத்து மூன்று தாள்களை நினைத்தார். யாருக்கு ஏற்றது என்ற கட்டத்தில் எல்லாரும் ‘அனைவருக்கும்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். நர்மதா மட்டும் ‘பரீட்சை முடிந்த மறுநாள்’ என்றோ ‘தம்பியோடு சண்டை போட்டவர்களுக்கு’ என்றோ எழுதுவார். இந்தப் பன்னிரண்டாண்டில் அப்படி இன்னும் எத்தனை தாள்கள் வந்திருக்கும் என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

“நான் திரும்ப வர மாட்டேன் சார். அத இப்பவே சொல்லிடறேன்.”

“கூப்பிட வரலம்மா.”

“சரி. அப்ப இதுல சைன் போட்டுக் குடுங்க. எனக்குப் பழைய சண்ட வேணாம். டிவிதான் காரணம்னே இருக்கட்டும், அதுவும் உண்மதானே.”

நர்மதா பேனாவைத் தாளின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார். எழுதியிருந்தவற்றில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அதை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் அவர் இல்லை. வட்டும் வேகமும் தொலைக்காட்சியும் மட்டுமே இருந்தன.

“வெள்ளத்தாள் இருக்கா?”

“எதுக்கு?”

“இருந்தா ஒன்னு குடும்மா.”

அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். விஜயேந்திரன் கல்லாவின் மேல் குனிந்து கையாலேயே எழுதினார்.

‘2013 மார்ச் 16 அன்று நான் அளித்த தீர்ப்பு தவறு. திருமதி நர்மதா குறித்த நேரம் சரியானது. அவர் விளையாட்டை முடித்திருந்தார். முடிக்காதவன் நான். ஏழாம் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு, முடித்ததாகக் குறியிட்டு, மதிப்பெண் வழங்கினேன். அவர்மீது செலுத்திய நான்காம் விதியை இன்று என்மீது செலுத்துகிறேன். என் மதிப்பிடும் உரிமை நீங்குகிறது. நான் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களும் நூலிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அவருடைய அறுபத்து மூன்று தாள்களும் எந்தத் திருத்தமுமின்றி அச்சாக வேண்டும்.’

மற்ற இருநூற்றுப் பதினொன்றை அவர் முழுமையாகவே ஆடி முடித்திருந்தார். அதை ஒரு வரியில் சேர்க்கலாமா என்று பேனா சற்று நின்றது. நர்மதா மற்ற அறுபத்திரண்டையும் முடித்தாரா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவர் சேர்க்கவில்லை.

நர்மதா தலைகீழாகவே அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இருநூத்திப் பன்னெண்டும் போச்சின்னா புக்குல என்ன இருக்கும்?”

“உங்களோடது இருக்கும். கார்த்தியோடது இருக்கும்.”

“கார்த்தி எல்லாத்துக்கும் ஒன்பது போடுவான்.”

“ஆமா. அத ஒன்னும் செய்ய முடியாது.”

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “இத நான் கேக்கல சார்.”

“தெரியும்.”

“வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டுக்கூட அனுப்பலாம். திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு.”

“யோசிச்சா ரெண்டு வரி கூடுதலா சேர்ப்பேன்மா. அது எனக்காகத்தான் இருக்கும்.”

தேதியை எழுதினார். அதன் கீழ் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். மை காயும்வரை தாளைப் பிடித்திருந்து, அதைத் திருப்பி, எழுத்து நர்மதாவுக்கு நேராக இருக்கும்படி நீட்டினார். நர்மதா உரத்தூள் ஒட்டியிருந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.