இதில் நீ எங்கே

1

மறுபடியும் அதையே கேட்கப் போகிறார், கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று ப்ரிட்டா க்வாம் நினைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் ஹாலோரனின் அறைக்கு வெளியே, ஈர பூட்ஸுடன்.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: "மினசோட்டாவில் பனி உருகும் மாதத்தில் எல்லோருமே களைத்துப்போய்..." பனியில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன.

கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு கல்லூரியில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உதவுவது என் வேலை. ஒரு பெண் கொண்டுவந்த தாளின் ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் கேட்டிருந்தார்: இதில் நீ எங்கே இருக்கிறாய்? அவள் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, இலக்கணத்தை மட்டும் பார்க்கச் சொன்னாள். கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை.

2

ப்ரிட்டா சமூகவியல் கடைசி வருடம். வீடிழந்த குடும்பங்கள் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் அவளுக்குப் பயிற்சி வேலை. வீடு எப்படிப் போனது, யார் அடித்தது, நேற்று எங்கே தூங்கினீர்கள் என்று வருகிறவர்களிடம் கேட்க வேண்டும். அடுத்த மேசையில் வேறொருவர் அதையே கேட்பார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் படுக்கை சீக்கிரம் கிடைப்பதைப் பார்த்தாள். ஒரு படுக்கைக்காக மனிதர்கள் தங்கள் துயரத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டியிருப்பதைத்தான் ஆனர்ஸ் பட்டத்துக்கான ஆய்வாக எழுதினாள்.

ஹாலோரனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

(இவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பசியோடு வரும் மாணவர்களுக்காக மேசை இழுப்பறையில் பிஸ்கட் வைத்திருக்கிறவர். கெட்டவராக இருந்திருந்தால் ப்ரிட்டாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.)

ஒரு சாயங்காலம் அலுப்பில் வாய்தவறிவிட்டது. மூன்றாம் வகுப்பில் தானும் அம்மாவும் அதே விடுதியில் தங்கியதை ப்ரிட்டா அவரிடம் சொல்லிவிட்டாள். பென்சில் கேள்வி அதற்குப் பிறகு வந்தது.

இந்தப் படிப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆராய்கிறவர் தான் யார், எங்கே நின்று பார்க்கிறார் என்று முன்னுரையில் எழுத வேண்டும். நேர்மைக்காக வந்த வழக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு ப்ரிட்டாவும் எழுதினாள்: "சிறுவயதில் இந்த விடுதியில் தங்கியிருக்கிறேன்." ஒரே வரி. ஹாலோரன் ஒரு முழுப் பக்கம் கேட்டார்.

3

அம்மா மளிகைக் கடையில் கேக் பிரிவில் வேலை பார்க்கிறாள். ப்ரிட்டா போனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அம்மா வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன், அடித்துவிட்டேன்.

"எழுதிட்டுப் போயேன்டி, எனக்கென்ன? அப்ப நான் ஒல்லியா இருந்தேன்னு மட்டும் மறக்காம போடு. அதுக்கு நீ ஒருத்திதான் சாட்சி."

ப்ரிட்டா சிரித்தாள். போனை வைத்த பிறகு, விடுதியில் முதல் நாள் காலை அம்மா அவளை எழுப்பி

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறர் மனசுக்குள் போய் எழுதுவதுதான் என் பிழைப்பு. இருந்தாலும், அம்மா சரி என்றது தன் பங்குக்கு மட்டும். அந்த அறையில் படுத்திருந்தவர்கள் இரண்டு பேர்.

4

ஹாலோரன் அறைக்குள் கூப்பிட்டார். தேர்வுக் குழுவில் வெளியாட்களும் இருக்கிறார்கள் என்றார். ஆனர்ஸ் கிடைத்தால்தான் முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் வெறும் பட்டத்தோடு வேலை தேட வேண்டியதுதான் என்றார். ப்ரிட்டாவுக்கும் தெரிந்ததுதான். அவளுக்கு வேண்டியதும் அந்த இடம்தான், வேறெதுவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா மனசைத் தொடுற அந்த ஒரு பக்கம் இல்ல. படிக்கிறவங்க அதைத்தான் தேடுவாங்க, ப்ரிட்டா."

"ரெண்டாவது அத்தியாயம் படிச்சீங்களா, ப்ரொஃபசர்?"

"படிச்சேன். ஒவ்வொரு மேசையிலயும் அவங்களைச் சொல்ல வைக்கிறாங்களே... அழுதுட்டேன்."

ப்ரிட்டா அவர் முகத்தையே பார்த்தாள். கேலி இல்லை. உண்மையாகவே அழுதிருந்தார்.

5

முடிவுகள் சில கைவசம் இருந்தன.

ஒன்றில் அவள் எழுதிக் கொடுக்கிறாள்; எல்லோரும் கைதட்டுகிறார்கள். அது நடக்கக்கூடியதுதான், அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை. இன்னொன்றில் ஹாலோரனுக்குச் சட்டென்று உறைத்து, மன்னிப்புக் கேட்கிறார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டேன். மறு வகுப்புக்கு மணியடிக்கும் நேரத்தில் யாருக்கும் எதுவும் உறைத்து நான் பார்த்ததில்லை.

ஆனர்ஸ் கிடைத்ததா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். படிக்கிற நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"அந்த ஒரு வரி போதும், ப்ரொஃபசர். அது பத்தாதுன்னா, ஆனர்ஸ் இல்லாமலே முடிச்சுக்கறேன்."

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

பிஸ்கட் நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் நானும் கூடவே இறங்கினேன். யாருக்கும் காட்டமாட்டேன், கதைக்கு மட்டும்தான், அந்த முதல் நாள் காலை என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"உங்களுக்குமா?" என்றாள் ப்ரிட்டா. குரலில் கோபம்கூட இல்லை. கதவை எனக்காகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வெளியே இறங்கிப் போனாள்.