விழாத மெஷின்

ராஜாமணியின் பெயரை யாராவது நல்லவிதமாகச் சொன்னால் போதும், அரங்கநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படியொரு பொறாமை. தனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன், மெஷினை அணைத்துப் போடுவதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாதவன், அவனைப் போய் ஆலையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

விழுப்புரத்தை ஒட்டிய சர்க்கரை ஆலை அது. எண்பத்தெட்டாம் வருஷம், கரும்பு அரவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. யாருடைய கரும்பை என்றைக்கு வெட்டுவது என்ற உத்தரவெல்லாம் புதிதாக வாங்கிய யூனிக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் வரும். திண்டிவனம் கிளை ஆபீஸும் டெலிபோன் லைன் வழியாக இதே மெஷினில்தான் வேலை செய்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரையில் ‘பேனிக்’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான், மற்ற புரோகிராம்களையெல்லாம் தாங்குகிற கெர்னலே விழுந்துவிடும். காணையிலிருந்தும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்தும் வந்த விவசாயிகள் ஜன்னலுக்கு வெளியே கத்த ஆரம்பிப்பார்கள்.

மேனேஜர் கிருஷ்ணசாமி இரண்டு பேரையும் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டார். ராஜாமணி யோசிக்கவே இல்லை. தினம் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கும்போது தானே ஒருதரம் அணைத்துப் போட்டுவிடுவதாகவும், புதிதாக எழுந்த மெஷின் சாயங்காலம்வரை விழாது என்றும் சொன்னான்.

“ஏன் வுழுதுன்னே தெரியாம தூக்கித் தூக்கி நிறுத்திக்கினு இருந்தா எப்டி சார்? காரணத்தக் கண்டுபுடிக்கணும், டைம் குடுங்க” என்றான் அரங்கநாதன்.

நீ கண்டுபிடிப்பதற்குள் வயலில் கரும்பு காய்ந்துவிடும் என்றார் மேனேஜர். ராஜாமணி சொன்னதுதான் நடந்தது, மெஷினும் விழவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சீக்கிரமே ஒரு இன்சார்ஜ் போடப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு கிளம்பியது. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அரங்கநாதன் நினைத்திருந்தான்.

விடுவானா? டெலிபோன் லைன்மேல் சந்தேகம் வந்து, பஸ் பிடித்துத் திண்டிவனம் போய்க் கிளை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டான். அங்கே வேலை பார்த்த பாஞ்சாலி, திரை கொஞ்சம் சுணங்கினாலும் போனைத் துண்டித்துவிட்டு மறுபடி டயல் செய்தாள். லைன் பேஜாரு பண்ணினால் இங்கே எல்லாரும் இப்படித்தான் என்றாள். அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. லைன் அறும் ஒவ்வொரு தடவையும், அந்த இணைப்புக்கென்று ஒதுக்கிய நினைவகத்தைக் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. விட்டது சேர்ந்து சேர்ந்து, இடமே இல்லாமல் போனதும் விழுகிறது. அரங்கநாதன் அந்தத் தப்பைத் திருத்திப் புதுக் கெர்னலை ஏற்றினான்.

என்ன பிரயோசனம்? ஏற்கெனவே விழாத மெஷின், இப்போதும் விழவில்லை. ராஜாமணியையும் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னால், அதான் முன்னாடியே சரியாகிவிட்டதே என்றார். எல்லாம் ராஜாமணியின் கைராசி என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அரங்கநாதன் உள்ளுக்குள் வெந்தான். ஒருநாள், ஒரே ஒருநாள் எல்லார் கண்முன்னாலும் விழுந்து தொலையட்டும், அப்போது தெரியும் யார் ஆம்பளை என்று பொருமினான். பொருமியதோடு விட்டானா, பாவி? ஒருநாள் சாயங்காலம் தன் புதுக் கெர்னலை எடுத்துவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். ராஜாமணி மத்தியானம் அணைப்பதற்குள் என்றைக்காவது ஒருநாள் காலையில் விழாமலா போகும்? விழுந்ததும் எழுந்து போய்ப் புதியதை ஏற்றி நிமிர்ந்து நிற்பதாகத் திட்டம்.

மறுநாள் மத்தியானம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெஷின் விழுந்தது. வெளியே கூச்சல். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அரங்கநாதன் மேனேஜர் அறைக்குப் போனான்.

கிருஷ்ணசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ராஜாமணி காலையில வந்து என்னா சொன்னான் தெரியுமா? அரங்கநாதண்ணன் அடியோட சரி பண்ணிட்டாரு, நான் ஒரு வாரமா மத்தியானம் அணைக்கிறதே இல்ல, அப்டியும் வுழல, அவரையே இன்சார்ஜா போடுங்க சார்னான். நானும் நம்பிட்டேன்யா. இப்ப வந்து நிக்கிறியே.”

இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்கிறேன் என்று ஏதோ முனகினான் அரங்கநாதன். ஒன்றும் வேண்டாம், பழையபடி மத்தியானம் அணைத்துப் போடுங்கள், இன்சார்ஜ் ராஜாமணிதான் என்று முடித்துவிட்டார் மேனேஜர்.

வெளியே ராஜாமணி மெஷினைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். முகம் வாடியிருந்தது. “எனக்குப் புரியவே இல்லண்ணா. நீ சொன்ன காரணம் சரியாத்தான இருந்திச்சி? ஒரு வாரமா நின்னுச்சே. இன்னிக்கி மட்டும் ஏன் வுழுந்திச்சி?”

அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.