ஆறு வற்றிய வாரம்

பனி விழத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலோரம் கூடிவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். ரொட்டிக்காரனும் தன் பங்குக்குத் தட்டினான்.

கைதட்டாமல் என்ன செய்வார்கள்? கோடை முழுக்க வெயில் அந்த ஊரை வறுத்தெடுத்திருந்தது. அந்தக் கோடை மட்டுமல்ல, அதற்கு முந்தியதும், அதற்கும் முந்தியதும் அப்படித்தான். மேலே மலையில் இருந்த பனிப்பாறை உருகி உருகி, அதன் காலடியில் ஒரு ஏரி பெருத்துக்கொண்டே வந்தது. அந்த ஏரிக்கு மனிதன் கட்டிய அணை கிடையாது. பனிப்பாறை எந்தக் காலத்திலோ தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும், அவற்றை உள்ளே இறுக்கிப் பிடித்திருந்த பனியும்தான் கரை. அந்தக் கரை இனி தாங்காது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரொட்டிக்காரனுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மாமனாருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரு வகுப்பறையின் பாதி. மறுபாதியில் தையல்காரரும் அவர் மனைவியும். மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். தூக்கத்திலும் மனுஷன் கியர் மாற்றி மாற்றித்தான் குறட்டை விடுகிறார், மேடு வந்தால் நமக்கே தெரிந்துவிடுகிறது என்று தையல்காரர் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர் இல்லாவிட்டால் அந்த அறையில் சிரிப்பே இருந்திருக்காது.

ரொட்டிக்காரனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கை சும்மா இருந்து பழக்கமில்லாதவன். பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து, இல்லாத மாவை விரலால் பிசைந்துகொண்டிருப்பான். மனைவி பார்த்தால் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அதனால் பனியைப் பார்த்ததும் அவனுக்கு அது வீட்டுக்குப் போகச் சொல்லி வந்த உத்தரவு மாதிரியே இருந்தது. மறுநாள் குளிர் இன்னும் இறுகியது. குழாயில் தண்ணீர் உறைந்தது. எங்கேயப்பா போனது அந்தச் சூடெல்லாம் என்று மாமனார் மஃப்ளருக்குள்ளிருந்து கேட்டார். தன் வயசுக்கு இந்தப் பருவத்தில் இப்படி ஒரு குளிரைப் பார்த்ததே இல்லை என்றார்.

"உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாமேங்க" என்றாள் மனைவி.

அவன் தங்கை ஏரிக்குப் பக்கத்தில் இருந்த கண்காணிப்பு நிலையத்தில் வேலை பார்த்தாள். ஏரியின் மட்டத்தையும் கரையின் உள்சூட்டையும் அளந்து கீழே அனுப்புவதுதான் அவள் வேலை. பனியில் போன் சரியாகக் கிடைக்கவில்லை. ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு அவன் விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால், கிடைக்காமல் போனதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

"அவ தலையிலயும்தான் பனி கொட்டுது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் படுக்கையைச் சுருட்டினான்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அடுப்பை மூட்டினான். விறகு அடுப்பு. பழுக்க நேரமாகும். அது பழுத்து, முதல் ஈடு ரொட்டி வெளியே வந்தபோது, அந்த வாசனை ஆளில்லாத தெருவில் வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தது. அன்று மதியமே வாசலில் ஒரு ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பார்த்தால் தையல்காரர்.

"மேட்டுல இருந்தே மூக்கைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு தம்பி" என்றார்.

அவர் வந்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அவரைப் பார்த்து எதிர்வீடு. வாரம் முடிவதற்குள் தெருவில் பெரும்பாலான புகைபோக்கிகள் புகைந்தன. தெருமுனையில் கயிறு கட்டிக் காவலுக்கு ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். அவரும் முதல் இரண்டு நாள் தடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று சுடச்சுட ரொட்டி தின்னத் தொடங்கிவிட்டார்.

ஆறும் அவர்களுக்குச் சாதகமாகவே பேசியது. நாளுக்கு நாள் தண்ணீர் இறங்கியது. கோடையில் கரையை முட்டிக்கொண்டு ஓடிய ஆறு இப்போது கற்களுக்கு நடுவே நூலாக ஊர்ந்தது. ரொட்டிக்காரனின் மகள் தெருப் பிள்ளைகளோடு ஆற்றுக்குள் இறங்கிக் கல்லுக்குக் கல் தாவினாள். மாமனார் நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்தார். இதற்குப் பயந்தா அவ்வளவு நாள் வகுப்பறையில் குந்தியிருந்தோம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

தங்கை வந்தது அப்படி ஒரு காலையில்தான். வண்டி வர வழியில்லாததால் மலையிலிருந்து நடந்தே இறங்கியிருந்தாள். முழங்கால் வரை பனி அப்பியிருந்தது. அவன் ஆசையாக ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. கடையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து ஆற்றைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். சின்ன வயசில் அவர்கள் அப்பா விழுந்துகிடந்ததை முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்து நின்றாளே, அந்த முகம்.

"ஏன் அண்ணா இறங்கி வந்தீங்க? யாரு வரச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, குளிர்தான் சொன்னது என்று அவன் சமாளிக்கப் பார்த்தான். வெளியே போய் நில்லு, மூக்கு விறைத்துப் போகும், உங்கள் சூடெல்லாம் எங்கே என்று மாமனாரின் கேள்வியையே அவளிடமும் கேட்டான்.

"காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு நடுவுல வேர்த்து உடம்பு சில்லுன்னு ஆகும். குணமாயிட்டான்னு எழுப்பி வேலைக்கு அனுப்புவீங்களா? இது ஒரு வாரக் குளிர் அண்ணா. அந்தக் கரைக்குள்ள இருக்கிற பனி நம்ம ரெண்டு பேரும் பிறந்ததுல இருந்து இளகிக்கிட்டே வருது. மேல ஒரு சாண்தான் இறுகியிருக்கு. உள்ள தொட்டா இன்னும் சேறு."

அவன் பின்கதவைக் காட்டினான். ஆறுதான் இறங்கிவிட்டதே என்றான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். மகள் கடை வாசலில் நின்றிருந்தாள்.

"ஆறு வத்திடுச்சு, சரி. தண்ணி எங்க அண்ணா போச்சு?"

அவனுக்கு உடனே புரியவில்லை. அவளே விளக்கினாள். ஏரியின் உபரித் தண்ணீர் வெளியேறும் வாய் உறைந்து, பனிக்கட்டிகள் வந்து சொருகி, அடைத்துக்கொண்டுவிட்டதாம். குளிரில் வரத்தும் குறைந்ததால் இதுவரை பெரிதாகத் தெரியவில்லையாம். ஆனால் சூட்டுக்காற்று திரும்பப் போகிறது, மழையும் சேர்ந்து வரும் என்று நிலையத்தில் கணித்திருந்தார்கள். விழுந்த பனி மொத்தமும் ஏரிக்குள் இறங்கும். வெளியே போக வழி இருக்காது. அதிகாரிகளிடம் சொல்லியாகிவிட்டது என்றாள். சொன்னதற்கு, கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் காதில் வேறு ஒரு சத்தம் விழுந்தது. சொட்டு. கடையின் கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. அவன் வாசலுக்குப் போனான். தெரு நெடுக ஒவ்வொரு கூரையும் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ மேல்கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நல்ல காற்று என்று சொல்லியபடி போனார்.

அவன் முதலில் ஓடியது பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் நம்பவில்லை. அதற்கடுத்த வீட்டில், ரொட்டியை எல்லாம் நீயே தின்னவா எங்களை விரட்டப் பார்க்கிறாய் என்று கேலி செய்தார்கள். அவன் சொல்லி அவர்கள் வரவில்லை, அவன் சொல்லிப் போகவும் மாட்டார்கள். அடுப்பைப் பார்த்துத்தானே வந்தார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பி ஓடினான். உள்ளே ஒரு ஈடு வெந்துகொண்டிருந்தது. வாளி வாளியாகத் தண்ணீரை எடுத்து அடுப்புக்குள் ஊற்றினான்.

வெந்த செங்கல் வெடித்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. சாம்பலும் நீராவியும் கடை வாசல் வழியாகப் புரண்டு வந்தன. எரிகிற அடுப்பை அணைக்கிற ரொட்டிக்காரனை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு வந்து அவன் சொன்னது இவ்வளவுதான்: "நான் போறேன். என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. மாமனார் ஆற்றங்கரை நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "வண்டிச் சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை" என்றார். ரொட்டி ஏற்றுகிற வண்டியில் நடக்க முடியாதவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கும் தெருவுக்குமாக ஓட்டினார். மழை தொடங்கிவிட்டது. பிசுபிசுவென்று, குளிரே இல்லாத மழை. மனைவி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தையல்காரரும் அவர் மனைவியும் மற்றவர்களோடு மேட்டில் பாதி ஏறிவிட்டார்கள். அங்கே அவர் நின்றார். தையல் மெஷினை விட்டுவிட்டு வந்துவிட்டேனே, வேறு எதை வைத்துப் பிழைப்பேன் என்றாராம். ரொட்டிக்காரன் பார்த்தபோது அவர் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேண்டாம். வாங்க."

"இதோ வந்துட்டேன் தம்பி." கையை மட்டும் தூக்கிக் காட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

போய் அவரை இழுத்து வந்திருக்கலாம். தூரம் அதிகமில்லை. ஆனால் அவன் தோளில் மகள் இருந்தாள். அவள் இரு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கால் கீழ்நோக்கி நகரவில்லை.

தங்கையின் போன் அடித்தது. மேலே நிலையத்தில் தனியாக இருந்த அவள் கூட்டாளி பேசினார். அவள் கேட்டுவிட்டுப் போனைப் பையில் போட்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, இன்னும் மேலே ஏறுங்கள் என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

வெள்ளம் சத்தத்தோடு வரும் என்று அவன் நினைத்திருந்தான். முதலில் வந்தது வாடை. தோண்டிய மண்ணின், நசுங்கிய மரத்தின் வாடை. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று எழுந்து மழையை மேல்நோக்கித் தள்ளியது. அதற்குப் பின்தான் சத்தம். காலுக்கடியில் தரை நடுங்கியது. வளைவைத் திரும்பி வந்தது தண்ணீராகவே தெரியவில்லை. பாறையும் பனிக்கட்டியும் வேரோடு மரங்களுமாக ஒரு பழுப்புச் சுவர் நகர்ந்து வந்தது. பாலம் ஒரு கணம் அதன் மேல் நின்றது, பிறகு காணவில்லை. தெருவின் கீழ்வரிசை அப்படியே சரிந்தது. யாரும் அலறவில்லை. மகள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். தையல்காரர் மனைவி மட்டும் கணவரின் பெயரைச் சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிடுவது போல, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு வெகு தூரம் கீழே தேடி அவரைக் கண்டெடுத்தார்கள்.

அவர் ஒருவர்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஒருவரோடு போயிற்றே என்றார்கள். ரொட்டிக்காரன் கெட்டிக்காரன், சரியான நேரத்தில் அடுப்பை அணைத்தானே என்று பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடிக்கக் கேட்டார்கள். அவன் முகம் கொடுக்கவில்லை. தையல்காரர் மனைவியை நேராகப் பார்க்கவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. ஒருநாள் அவளே அவனைப் பள்ளிக்கூட வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்.

"நீங்க அடுப்பு மூட்டலைன்னா அவர் கீழ இறங்கியிருப்பாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே, இறங்கியிருக்கமாட்டார் என்றான்.

"நானும்தான் போலாம்னு சொன்னேன்" என்றாள் அவள். "குளிர் வந்ததும் எனக்கும் வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது மன்னிப்பா, இல்லையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஏரி முழுதாகக் காலியாகவில்லை என்று தங்கை சொன்னாள். பாதித் தண்ணீர் இன்னும் மேலேயே இருக்கிறது, கரை முன்னைவிட மெலிந்திருக்கிறது, வருகிற கோடைகள் அதை மறுபடி நிரப்பும். எப்போது என்று கேட்டான். அதைச் சொல்ல முடிந்தால் சொல்லாமல் இருப்பேனா என்றாள்.

அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். ரொட்டிக்காரன் இப்போது இன்னொருவர் கடையில் மாவு பிசைகிறான். தங்கை பழைய இடத்திலேயே இருக்கிறாள், வேலை அங்கேதான். வெயில் நாட்களில் அவனுக்குப் பெரிதாகப் பயமில்லை. வெயிலைப் பார்த்தால் எல்லாருக்கும்தான் பயம், ஆளாளுக்கு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். திடீரென்று குளிர் இறங்கி, கூட வேலை செய்பவர்கள் அப்பாடா என்று மூச்சு விடுகிற காலையில்தான் அவனுக்குப் பயம். மாவை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்த் தங்கைக்கு போன் போடுவான்.

"ஆறு ஓடுதாம்மா?"

"ஓடுது அண்ணா. நல்லா ஓடுது."

சில நாள் அவள் உடனே எடுப்பதில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவன் மாவு ஒட்டிய கையோடு சுவரில் சாய்ந்து நிற்பான்.