ஒரு கட்டைவிரல், இரண்டு மனு

"கட்டைவிரலை நீட்டு ராமக்கா, பொழுது ஏறுது."

தீர்த்தகிரி இரண்டு காகிதங்களையும் மைப்பெட்டியையும் கவிழ்த்துப் போட்டிருந்த உரல்மேல் வைத்தார். மேலத்தெருவிலிருந்து வயல் நடுவிலிருந்த ஓலைக் கொட்டாய்க்கு அரை மைல் நடந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தங்கை ராமக்காளுக்கோ கை ஓரிடத்தில் நிற்கவில்லை. முறத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தாலியறுத்து வந்த நாள் முதல் ஒன்பது வருஷமாக அண்ணன் நிலத்துக் கொட்டாயில்தான் அவள் குடித்தனம்.

"என்னண்ணா எழுதியிருக்குது?"

"மொதக் காகிதம் பெரிய சர்க்காருக்கு. கொழும்புல ரோட்டு வேல செஞ்ச நம்ம தம்பி முனிராஜை, நீ வெளியூர்க்காரன், கப்பலேறுன்னு தொரத்துறாங்க. பதினெட்டு வருஷம் அந்த மண்ணுல ஒழைச்சவன்! எங்க போவான்? நாயம் கேட்டு ஊரே கைநாட்டு வெக்குது."

"அவன் போட்ட கடுதாசியில வேற என்ன சொன்னான்?"

"காய்ச்சல்ல கெடந்தப்ப அடுத்த வூட்டுச் சிங்களப் பொம்பளதான் கஞ்சி ஊத்துனாளாம். இவன் மூஞ்சியே பாக்காத அந்த ஊர்ப் பெரிய தெருக்காரங்கதான் போ போங்கறாங்களாம்."

ராமக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் காகிதத்தில் விரலை அழுத்தினாள்.

"இது?"

"தாசில்தாருக்கு. வத்தல்மலையில சாமை காஞ்சுபோச்சுன்னு எறங்கி வந்து, ஓடைப் பொறம்போக்குல குடிசை போட்டிருக்கானுங்களே மலைக்காரனுங்க, அவனுங்கள வெரட்டச் சொல்லி. களவாணிப் பசங்க. ஊருக்குள்ள சீக்கையும் கொண்டாந்துருவானுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? மேலத்தெருவே சொல்லுது."

"மேலத்தெருவுல நின்னா மலைதான் தெரியும்ண்ணா. இங்க நின்னா அவங்க அடுப்புப் பொகை தெரியுது. நேத்து அங்கயிருந்து அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த கருப்பி, அவுந்து ஓடுன என் ஆட்டைப் புடிச்சுக் கட்டிட்டுல்ல போனா?"

பேச்சைக் கேட்டபடி வேலியோரம் கருப்பியே நின்றிருந்தாள், இன்றைக்கும் நெருப்புக்குத்தான். இடுப்பில் இருபது நாள் பிள்ளை. தொப்புள்கொடி அறுத்தது ராமக்காள்.

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல குடியிருக்கறவளே கைநாட்டு வெக்கலையேன்னு தாசில்தார் கேப்பாரு. ஊர்ல என் மானம் போவும். கொட்டாய் என் பட்டாவுல இருக்குது, மறந்துறாத."

ராமக்காள் கட்டைவிரலை மறுபடி மையில் நன்றாகத் தோய்த்தாள். அண்ணனின் முகம் தெளிந்தது. காகிதத்தை அவளுக்கு வாகாகத் திருப்பி வைத்தார்.

அவள் உரலைக் கடந்து போனாள். வேலியோரம் நின்று, பிள்ளையின் கன்னத்தில் விரலை அழுத்தித் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

"ஊர்க்கண்ணு பொல்லாதது, கருப்பி."

பிறகு உள்ளே போய் இரண்டு சேலையையும் கஞ்சிச் சட்டியையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஆட்டை அவிழ்த்தாள்.

"எங்கடி போற?"

"ஓடைப் பொறம்போக்குக்கு. அந்தக் காகிதத்துல அவங்களோட என் பேரையும் சேத்து எழுதச் சொல்லுங்கண்ணா."