வரதன் வண்டியின் ஏர்க்கால்

இதெல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். பூவரசை வெட்டியபோது மாசியா, பங்குனி பிறந்துவிட்டதா, தெரியவில்லை. வரதன் மனைவி கன்னியம்மாள் அப்போது சிரித்தாள் என்று சில நாள் தோன்றுகிறது. சிரித்திருக்க மாட்டாள் என்றும் தோன்றுகிறது. அவள் சொன்ன பேச்சு மட்டும் மாறாமல் நிற்கிறது.

குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவில், திரௌபதியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒரு வீடு வில் கொடுக்க வேண்டும். கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரன் அதை வளைத்து நாணேற்றுவான். மூன்று பட்டைகளை ஒட்டிச் செய்கிற வில். வெளிப்பட்டை இரண்டும் மூங்கில். நடுப்பட்டை மட்டும் கொடுக்கிற வீட்டு மரம். வில் முறியாமல் நின்றால் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். நிற்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த ஆண்டு வரதன் வீட்டு முறை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வரதன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீட்டில் தாய் வேம்புலியம்மாளும் மனைவி கன்னியம்மாளும்தான்.

தச்சன் மணவாளன் மரம் பார்க்கப் போனபோது நானும் போனேன். ஒட்டிய பட்டைகளின்மேல் கயிறு இறுக்க அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது. கொல்லையில் வரதன் நட்ட பூவரசு நின்றது. மணவாளன் அதைப் பார்க்கவேயில்லை. கொட்டகைக்குள் நுழைந்து, வரதன் வண்டியின் முன்னால் நீண்டு நுகத்தைத் தாங்கும் ஏர்க்காலை விரலால் தட்டினான்.

"தடசு மரம். நல்லா காஞ்சி கீது. இதுல ஒரு பட்ட அறுத்துக்கறேன்."

"அறுத்துட்டா வண்டி?" என்றாள் கன்னியம்மாள்.

"சும்மாதான நிக்குது? கோழி ஏறிக் குந்திகினு கீது."

"அவுரு வந்தா இன்னாத்த ஓட்டுவாரு? கோழியவா?"

மணவாளன் தலையைச் சொறிந்தான். "பூவரசு பச்ச மரம்மா. வஜ்ஜிரப் பச புடிக்காது. பட்ட உட்டுப்பூடும்."

"காயவெச்சுக்கோ அண்ணாத்தே."

"காப்பு கட்டியாச்சு. எங்க காயவெக்கறது, உன் அடுப்புலயா?"

"என் அடுப்புலதான். வேற இன்னா வேல அதுக்கு?"

வேம்புலியம்மாள் உள்ளேயிருந்து, "எம்புள்ள நட்ட மரம். அதையே வெட்டு," என்றாள்.

வெட்டினோம். அறுத்த பட்டையைக் கன்னியம்மாள் அடுப்புக்கு மேலே கட்டி, புகையில் கண் எரிய உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் போட்டாள். மேல்பக்கம் மட்டும் காய்ந்தது. மணவாளன் தோலைக் காய்ச்சிய வஜ்ஜிரத்தைப் பூசி ஒட்டினான். நான் கயிறு இறுக்கினேன்.

கூத்தன்று விடிகிற நேரத்தில், அர்ச்சுனன் வேஷம் கட்டிய கோதண்டம் வில்லை வளைத்தான். முதலில் பட்டைகள் வாய் பிளந்தன. பிறகு முறிந்தது. மத்தளம் நின்றது.

மணவாளன் துண்டை எடுத்து முகர்ந்தான். "பச்ச வாசன இன்னும் போவல. ஈரம். வேற ஒண்ணுமில்ல," என்றான்.

"உன் கைத்தப்ப மரத்துமேல போடாதடா," என்றாள் வேம்புலியம்மாள். அவள் அழவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள். பிறகு எல்லோருமே அவளைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே, வரதன் செத்துவிட்டான் என்று கன்னியம்மாளின் தாலியை அறுத்தார்கள். அவளை மண்ணூர்பேட்டையிலிருந்து அண்ணன் வந்து கூட்டிப் போனான்.

யுத்தம் முடிந்து வரதன் வந்தான். ஒரு காது கேட்கவில்லை, அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் மனைவியைக் கூட்டிவர வண்டி பூட்டினான். வேம்புலியம்மாள் வழியில் நின்றாள்.

"அம்மன் எதுர்ல வில்லு ஒடஞ்சி அறுத்த தாலி. மறுபடி கட்டுனா இந்த தபா நெசமாவே பூடுவ."

வரதன் நுகத்தடியைப் பிடித்தான். பிறகு மாட்டை அவிழ்த்தான்.

அடுத்த தை மாதம் காட்டுப்பாக்கத்தில் வேறு பெண் கட்டினான். வேம்புலியம்மாள் பேரனைப் பார்த்துவிட்டுச் செத்தாள். கோதண்டம் அதன்பின் அர்ச்சுனன் வேஷம் கட்டவில்லை. மணவாளன் வில் செய்வதை விட்டு, கதவு ஜன்னல் செய்தான். கன்னியம்மாள் அண்ணன் வீட்டிலேயே இருந்து காலராவில் இறந்தாள். வரதன் அதே வண்டியைத்தான் ஓட்டினான். ஏர்க்கால் கடைசிவரை நன்றாகவே இருந்தது.