சாப்பாட்டுக்குச் சாப்பாடு

போன் அடித்தபோது ரொவேனா சில்வண்டுப் பெட்டியை ஃப்ரிட்ஜ் கதவில், ஜாம் பாட்டிலுக்கும் கடுகு பாட்டிலுக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தாள். குளிரில் வைத்தால் அவை கத்துவதில்லை என்பது அவளே கண்டுபிடித்த உபாயம். கடையிலிருந்து வாங்கிவந்த முதல் வாரம் இரவெல்லாம் அவை போட்ட கூச்சலில் அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. விடியற்காலையில் எழுந்து ஆரஞ்சுக் கிடங்குக்குப் போய் நாளெல்லாம் நின்றபடி பழம் பிரிக்கிறவளுக்குத் தூக்கம் முக்கியம். ஃப்ரிட்ஜில் வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. வேண்டும்போது எடுத்து மகள் வளர்க்கும் ஓணானின் கண்ணாடித் தொட்டியில் கவிழ்த்தால் விளக்குச் சூட்டில் மெல்லக் காலை அசைத்து எழுந்துவிடும். ஓணானுக்கும் பிடித்துத் தின்ன வசதி. அந்தப் பூச்சிகளுக்கும் பசிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சாப்பாட்டுக்குப் போய் யாராவது சாப்பாடு போடுவார்களா?

போனில் மகள் டெஸ். அந்த வாரம் அவள் அப்பா வீட்டில் இருந்தாள்.

“அம்மா, மேயரை டாக்டர்கிட்ட காட்டினோம். எலும்பெல்லாம் இளகிப்போச்சாம். ஒடம்புல சுண்ணாம்புச் சத்தே இல்லையாம். முன்னங்கால் நடுங்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

“தொட்டி விளக்கை மாத்தினோமே?”

“விளக்கெல்லாம் சரியா இருக்குன்னுட்டார். இங்கயும் அங்கயும் தூக்கிட்டு அலையக் கூடாதாம். அவன் இங்கயே இருக்கட்டும்மா.”

“சரி. நீ?”

“நாளைக்கு வருவல்ல, அப்பப் பேசிக்கலாம்,” என்று சொல்லி டெஸ் வைத்துவிட்டாள்.

மேயர் ஒரு தாடி ஓணான். கோபம் வந்தால் தாடையைக் கறுப்பாக உப்பிக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தவரைப்போல நிமிர்ந்து நிற்பான். அதனால் அந்தப் பெயர். ரொவேனாவும் கணவன் கிரெய்க்கும் பிரிந்த அதே மாதம் டெஸ்ஸுக்கு வாங்கித் தந்தது. இரண்டு வீட்டிலும் இரண்டு கண்ணாடித் தொட்டி, ஒரே ஓணான். ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா என்று சனிக்கிழமைதோறும் பெண் வீடு மாறும்போது துண்டு விரித்த டப்பாவில் அவள் மடியில் உட்கார்ந்து அவனும் மாறுவான். பள்ளி முகாமுக்குப் போனது தவிர, அவனில்லாத வீட்டில் டெஸ் தூங்கியதில்லை. ஓணான் எந்த வீடோ பெண்ணும் அந்த வீடுதான். இதை யாரும் ரொவேனாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு சமைத்ததை அவளால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

இதில் அவளைக் குடைந்த இன்னொரு விஷயம் பியாங்கா. கிரெய்க்கோடு இப்போது குடித்தனம் நடத்துகிறவள். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்து ஆஸ்திரேலியாவின் மில்டூராவில் மூன்று தலைமுறையாகத் திராட்சை போடுகிற குடும்பம். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நகத்தில் ஒரு துளி அழுக்கு இருக்காது. டெஸ் அம்மா வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பைக்குள் ஒரு டப்பா வரும். உள்ளே சில்வண்டுகள், துருவிய கேரட், ஏதோ கீரை. “பியாங்கா குடுத்தனுப்பிச்சா,” என்பாள் டெஸ். ரொவேனாவுக்குச் சுருக்கென்று இருக்கும். என் வீட்டில் ஒரு ஓணானுக்குக்கூடச் சோறு கிடைக்காது என்று நினைத்துவிட்டாளா? டெஸ் குளிக்கப் போனதும் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய், வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுக்காரி வீராவின் கோழிகளுக்குக் கொட்டிவிடுவாள். மேயருக்கு அவளுடைய ஃப்ரிட்ஜ் சில்வண்டுதான். கோழிகள் அவளைக் கண்டாலே ஓடிவரும் அளவுக்கு இது வழக்கமாகியிருந்தது. போன வாரம் வீரா ஒரு கிண்ணம் முட்டை கொண்டுவந்து தந்து, “இந்தக் குளிர்லயும் ஓடு கல்லாட்டம் இருக்கு ரோ, இதுங்களுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல,” என்று அதிசயப்பட்டாள். ரொவேனா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே ரொவேனா அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். கிரெய்க் திராட்சைக் கொடி வெட்டப் போயிருந்தான். டெஸ் நெட்பால் ஆட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. வாசல் கதவைத் தட்டியும் பதிலில்லாமல் பின்பக்கம் சுற்றிப் போனாள். துணி துவைக்கும் அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே பியாங்கா தலையில் துணி கட்டி, முழங்கைவரை ரப்பர் கையுறை மாட்டி, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்கு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

“மாதாவே,” என்று முணுமுணுத்துவிட்டு வெடுக்கென்று மூடியைத் திறந்தாள். உள்ளே முட்டை அட்டைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மடிப்புகளிலிருந்து நூற்றுக்கணக்கில் மீசைகள் அசைந்தன.

“பயமா உங்களுக்கு?” என்றாள் ரொவேனா.

பியாங்கா தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். “ஐயோ, நீங்களா! பயமாவா? கனவுல தலைமுடிக்குள்ள பூந்துக்குதுங்க. வாங்க, அந்தக் கதவை மட்டும் சாத்திடுங்க. ஒண்ணு தப்பிச்சாலும் நான் இந்த வீட்டைக் காலி பண்ணிடுவேன்.”

ரொவேனா கதவைச் சாத்திவிட்டு நின்று பார்த்தாள். வேறு எதையும் பேசத் தைரியமில்லாததால்தான் பார்த்தாள். ஆனால் பார்க்கப் பார்க்கக் கண்ணை எடுக்க முடியவில்லை. பியாங்கா கேரட்டையும் பூசணியையும் மெல்லிசாகத் துருவினாள். ஒரு கட்டுக் கீரையை உதறி, ஒவ்வொரு இலையையும் துணியில் துடைத்தாள்; ஈரம் நின்றால் பூசணம் பிடித்துவிடுமாம். திராட்சை வரிசைகளுக்கு நடுவே தானாக முளைக்கிற காட்டுக் கீரை அது. அவள் அம்மா பூண்டு போட்டு வதக்கி ரொட்டியோடு வைக்கிற அதே கீரை. மருந்து தெளிக்காத ஒரே வரிசையில் மட்டும் போய்ப் பறிப்பாளாம். பறித்தபிறகும் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டாள். தவிட்டை ஒரு மூலையில் பரப்பினாள். தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும் என்று, தாகத்துக்கு ஆரஞ்சுச் சுளை ஒன்றை வைத்தாள். மறுநாள் சாகப்போகிற பூச்சிகளுக்கு, கல்யாணத்துக்கு வந்தவர்களை உட்காரவைத்துப் பரிமாறுகிற மாதிரி அவள் பரிமாறியதை ரொவேனா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கடையிலருந்து வர்ற சில்வண்டு வெறும் கூடுதாங்க,” என்றாள் பியாங்கா. “அதோட வயித்துல என்ன இருக்கோ அதான் மேயர் வயித்துக்குப் போகுது. ஒருநாள் பூரா நல்லாத் தின்ன விடணும். அப்புறம் சுண்ணாம்புப் பொடி தூவி ஒடனே போட்டுடணும். கொஞ்சம் விட்டோம்னா பூனை மூஞ்சி கழுவுற மாதிரி தொடச்சுத் தள்ளிடுதுங்க.” கீரையை உள்ளே வைத்தபோது ஒரு சில்வண்டு கையுறைமேல் ஏறியது. அவள் முகம் வெளிறிப்போனது. ஆனால் கையை உதறவில்லை. அது இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தான் பெறாத பெண்ணின் ஓணானுக்காக இவ்வளவு அருவருப்பையும் விழுங்கிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். நானாக இருந்தால் செய்வேனா? மாட்டேன் என்று ரொவேனாவின் மனசு உடனே பதில் சொன்னது. அந்தப் பதிலில் பொறாமை இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டையும் தாண்டி, இவள் பெரிய மனுஷி என்ற எண்ணம் அவளைக் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மூடியைப் போட்டுவிட்டு பியாங்கா கையுறையைக் கழற்றினாள். குரல் இறங்கியிருந்தது. “எல்லாம் என்னாலதான்னு நெனைக்கிறேன்.”

“எது?”

“என்ன தின்னுதுன்னு டாக்டர் கேட்டார். ரெண்டு வீட்லயும் ஒரே சாப்பாடுதான், நான்தான் குடுத்தனுப்பறேன்னு சொன்னேன். இவ்வளவு நல்லாத் தின்னும் எலும்பு இளகுதுன்னா அப்ப கிட்னிதான் போயிருக்கணும்னுட்டார். திங்கக்கெழம மயக்க மருந்து குடுத்து ரத்தம் எடுக்கப்போறாங்க. இப்ப இருக்குற ஒடம்புக்கு மயக்க மருந்தைத் தாங்குவானான்னு அவருக்கே சந்தேகம். நேத்துலருந்து டெஸ் எங்கிட்ட சரியாவே பேசல. நான் எதையோ தப்பாக் கலந்துட்டேன்னு அவளுக்குத் தோணுது போல. எனக்கும் அப்படித்தான் தோணுது.”

ரொவேனா துவைக்கும் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சும்மா இருந்துவிட்டால் போதும். பழி தானாகப் போய் பியாங்காவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. டெஸ் இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு தன்னோடு வந்தாலும் வருவாள். திங்கட்கிழமை அந்த நடுங்கும் காலில் ஊசி இறங்கும். வாயைத் திறந்தாலோ, பெண் இங்கேயே தங்கிவிடுவாள். இந்த வாரம் மட்டுமில்லை, இனி எப்போதுமே. கடைசியில் அவள் யோசித்து முடிக்கவில்லை. வார்த்தைதான் முந்திக்கொண்டது.

“கோழிக்குப் போட்டேன்.”

“என்னது?”

“நீங்க குடுத்தனுப்பின எல்லாத்தையும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு. மேயர் எங்க வீட்ல தின்னதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல பட்டினி கெடந்ததுங்க.”

பியாங்கா அவளையே பார்த்தாள். ரொவேனா ஏச்சுக்குத் தயாராக நின்றாள்.

“அந்தக் கோழிங்க,” என்றாள் பியாங்கா மெதுவாக, “முட்டை எப்படிப் போடுது?”

“ஓடு... கல்லாட்டம்.”

பியாங்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ரொவேனாவுக்கும் தொற்றிக்கொண்டது, அழுகையோடு கலந்த கேடுகெட்ட சிரிப்பு. சிரித்து ஓய்ந்து, பியாங்கா முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். “அப்ப கிட்னி இல்ல. மாதாவே, கிட்னி இல்ல. ஊசியே வேண்டாம்.” தன் கலவையில் குற்றமில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்ததாகவே தெரியவில்லை. “நான் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். டெஸ்ஸுக்கு இது தெரியணும்னு இல்ல.”

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. நெட்பால் பாவாடையும் சேறு படிந்த முழங்காலுமாக டெஸ் கதவைத் திறந்தாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்ததில் அப்படியே நின்றுவிட்டாள்.

ரொவேனா சொன்னாள். கோழி, ஃப்ரிட்ஜ், எல்லாவற்றையும்.

“வேணும்னேயா?” என்றாள் டெஸ்.

“ஆமா.”

“மேயர் சாகணும்னா?”

“இல்லடி. அவங்க குடுத்ததைத் தின்னக் கூடாதுன்னு.”

டெஸ் வீட்டுக்குள் போனாள். கொசுவலைக் கதவு அவளுக்குப் பின்னால் அறைந்து மூடியது. போகட்டும் என்று பியாங்கா கையால் சாடை காட்டினாள்.

ரொவேனா காரில் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பியாங்கா ஒரு டப்பாவோடு வந்தாள். “இதை எடுத்துட்டுப் போங்க. அவன் தேறி வர்றதுக்குள்ள ஒங்களுக்குக் கை பழகணும்ல?” பக்கத்து சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டாள். ரொவேனா நன்றி சொல்லப்போனாள்.

அப்போது டெஸ் வந்தாள். தோளில் பள்ளிப் பை. கையில் துண்டும் இல்லை, ஓணானும் இல்லை. சீட் பெல்ட்டைக் கழற்றி, டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மேயர்?” என்றாள் ரொவேனா.

“இங்கதான். நல்லாகற வரைக்கும் பியாங்கா பார்த்துப்பா.”

“அப்ப நீ...”

“ஒன்னைத் தனியா விட்டா இதுங்களுக்கும் பட்டினிதான். வண்டிய எடு.”

வழியெல்லாம் டெஸ்ஸின் முகம் ஜன்னல் பக்கம், உள்ளங்கை மூடிமேல். பள்ளம் வரும்போதெல்லாம் அந்தக் கை கொஞ்சம் அழுத்திப் பிடித்தது. பெண்ணாக வருகிறாளா, காவல்காரியாக வருகிறாளா என்று ரொவேனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஊருக்குள் திரும்பும்போது டெஸ், “வீட்ல கேரட் இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“பூசணி?”

“அதுவும் இல்ல.”

ரொவேனா கடைவாசலில் வண்டியை நிறுத்தினாள். பூச்சிகளைக் குளிரில் காருக்குள் விட்டுவிட்டுப் போக டெஸ் சம்மதிக்கவில்லை. காய்கறிப் பக்கத்தில் டெஸ் முன்னால் நடந்தாள். கேரட்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பதுபோல வளைத்து, மோந்து, பிடிக்காததைத் திருப்பிப் போட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரொவேனா தள்ளுவண்டியோடு பின்னால் போனாள். வண்டியில் குழந்தையை உட்காரவைக்கும் இடத்தில் அந்த டப்பா இருந்தது. கீரை அடுக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது. அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி டப்பாவைச் சுற்றிப் போர்த்தினாள். மூச்சு விடக் கொஞ்சம் இடம் விட்டு, சட்டைக் கைகளை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள்.